பச்சைப் பொத்தானில் ஒரு தேக்கு ஆப்பு

அழகியநம்பி பட்டறை வாசலிலேயே நின்றான். உள்ளே போகக் கூடாது. மனைவி திவ்யலட்சுமி இறந்து பதினோரு மாதம்தான் ஆகியிருந்தது. ஆண்டு கழியாதவன் பூஜை வைத்த இடத்தை மிதிக்கக் கூடாது என்று மாமனார் திரவியம் காலையிலேயே போனில் சொல்லிவிட்டார்.

"வாசல்ல வந்து நில்லுங்க மாப்பிள்ளை, போதும். பொரிகடலை வாங்கிட்டுப் போலாம்."

பெண்ணைப் பறிகொடுத்த தகப்பனுக்குத் தீட்டு சில நாளோடு முடிந்துவிட்டது. கட்டியவனுக்கு மட்டும் ஒரு வருஷம். இதில் என்ன நியாயம் என்று நம்பி கேட்கவில்லை. இந்தப் பதினோரு மாதத்தில் அவன் யாரிடமும் எதையும் எதிர்த்துக் கேட்டதில்லை. சாப்பிடு என்றால் சாப்பிட்டான். வா என்றால் வந்தான். லிஃப்ட் கம்பெனி வேலைக்குப் போனான், திரும்பினான். பூஜைக்கு வாசல்வரை வா என்றார்கள், வந்திருக்கிறான்.

கைமனம் பகுதியில் மெயின் ரோட்டை விட்டு இறங்கும் சந்தின் கடைசியில் திரவியத்தின் வீடு. வீட்டுக்குப் பின்னால் தகரக் கூரை போட்ட மரப்பட்டறை. நாலு மணிக்கு இடியோடு பெய்த மழை அப்போதுதான் விட்டிருந்தது. அந்த இடியில் போன கரண்ட் இன்னும் வரவில்லை. உள்ளே குத்துவிளக்கும் இரண்டு எமர்ஜென்சி விளக்கும் எரிந்தன.

சுவரோரம் ஒரு பெஞ்சு. அதில் துர்க்கை படம். படத்துக்கு முன் வாழையிலையில் இழைப்புளி, உளி, சுத்தியல், கைவாள், ட்ரில், டெஸ்டர் எல்லாம் சந்தனப் பொட்டோடு படுத்திருந்தன. இந்த ஊர் வழக்கம் இது. துர்காஷ்டமி சாயங்காலம் ஆயுதத்தைப் பூஜை வைத்தால் விஜயதசமி காலையில்தான் எடுக்க வேண்டும். நடுவில் ஒருவரும் தொடக் கூடாது.

பெஞ்சில் வைக்க முடியாத சாமான் ஒன்றே ஒன்றுதான். பட்டறையின் நடுவே நின்ற ரம்ப மேஜை. இரும்பு மேஜை, நடுவில் பிளவு, பிளவிலிருந்து மேலே எழும் வட்ட ரம்பம், கீழே மோட்டார். பணியாட்கள் அதை மெஷின் என்பார்கள். அதற்கு இருந்த இடத்திலேயே அலங்காரம். மாமியார் ரத்னாபாய் ரம்பத்தின் பல்லுக்குப் பல் பிச்சிப்பூச் சரத்தைச் சுற்றிக்கொண்டிருந்தார். சரம் நழுவாமலிருக்க அதன் மறுநுனியைத் தன் ஆள்காட்டி விரலில் இரண்டு சுற்று சுற்றியிருந்தார். பிளவின் இரண்டு பக்கமும் எலுமிச்சம்பழம். பக்கத்தில் குங்குமச் சிமிழ்.

நம்பி அந்த மெஷினைப் பார்த்தான். அது அவன் கை பட்ட மெஷின்.

ஆடி மாதத்தில் உச்சிமாகாளி அதில் ஷாக் அடித்து விழுந்தான். சங்கரன்கோவில் பக்கத்துக்காரன், மூன்று வருஷமாக இங்கே வேலை. மேஜையின் இரும்பைத் தொட்டான், தூக்கி எறிந்தது. பிழைத்தான். அதுவரை எல்லோரும் மரப்பலகையின் மேல் நின்றுதான் மெஷினை ஓட்டிக்கொண்டிருந்தார்கள். பலகை எதற்கு என்று கேட்டதற்கு, "தரையில நின்னா லேசா கடிக்கும் அண்ணாச்சி" என்றான் உச்சிமாகாளி, எறும்பைப் பற்றிச் சொல்வதுபோல.

நம்பி இரண்டு ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து எல்லாவற்றையும் பிடுங்கி எறிந்துவிட்டு மாற்றினான். புது ஒயர். சுவரில் கைப்பிடி வைத்த இரும்பு மெயின் சுவிட்ச். மேஜைக் காலில் ஒரு ஸ்டார்ட்டர் பெட்டி. பச்சைப் பொத்தான், சிவப்புப் பொத்தான். கொல்லையில் குழி தோண்டி, கரியும் உப்பும் போட்டு, எர்த். வேலை முடிந்ததும் எல்லோரையும் நிற்க வைத்துச் சொன்னான்.

"பச்சையை அமுக்கினா ஓடும். சிவப்பை அமுக்கினா நிக்கும். நடுவுல கரண்ட் போச்சுன்னா இது தானா விழுந்துரும். திரும்பக் கரண்ட் வந்தாலும் ஓடாது. ஒரு ஆள் பக்கத்துல வந்து கையால அமுக்கினாத்தான் ஓடும். அதுக்குத்தான் இந்தப் பெட்டி. மத்ததெல்லாம் மறந்தாலும் இதை மறக்காதீங்க."

எல்லோரும் தலையாட்டினார்கள். எர்த் குழி காயக் கூடாது, தினம் ஒரு வாளி தண்ணீர் ஊற்ற வேண்டும் என்றும் சொன்னான். அதற்கும் தலையாட்டினார்கள். ஊற்றியது ரத்னாபாய் மட்டும்தான். காலையில் செம்பருத்திக்கு ஊற்றிவிட்டு அப்படியே குழிக்கும் ஒரு வாளி. மழை நாளில் மட்டும் போன் செய்து கேட்பார், இன்றைக்கு வேண்டுமா என்று. அந்தப் பதினோரு மாதத்தில் அவர் அவனிடம் பேசியதில் பாதி அந்தக் குழியைப் பற்றித்தான்.

இப்போது எமர்ஜென்சி விளக்கின் வெளிச்சம் மேஜைக் காலில் விழுந்தது. ஸ்டார்ட்டர் பெட்டி தெரிந்தது. சிவப்பு தெரிந்தது. பச்சை தெரியவில்லை.

குனிந்து பார்த்தான். பெட்டியின் குறுக்கே ஒரு தகரப் பட்டையை ஸ்க்ரூ போட்டு முறுக்கியிருந்தார்கள். பட்டைக்கும் பச்சைப் பொத்தானுக்கும் நடுவே தேக்கில் ஓர் ஆப்பு. பொத்தானை அமுக்கியபடியே, அசையாமல். ஏதோ கைக்குக் கிடைத்த சில்லு இல்லை. அளவெடுத்துச் செய்தது. விளிம்பெல்லாம் இழைத்து, உப்புத்தாள் போட்டு, லேசாக வார்னிஷ் கூடப் பூசியிருந்தது.

வாசலருகே மேஸ்திரி வேலாயுதன் நின்றிருந்தார். முப்பது வருஷமாகத் திரவியத்தோடு இருப்பவர். பாதித் தமிழும் பாதி மலையாளமுமாகப் பேசுவார்.

"வேலாயுதன் அண்ணே, பச்சைப் பொத்தான்ல என்ன அது?"

"அதா? சும்மா, சாரே." வேலாயுதன் சிரித்தார். "சாயங்காலம் ஆனா வோல்டேஜ் இல்லல்லோ. நீங்க வெச்ச பெட்டி டக்குனு விழுந்துரும். ஒரு பலகை அறுக்கதுக்குள்ள நாலு தடவை விழும். பெட்டியா அது, தொட்டாச்சிணுங்கி! பின்னே எந்து செய்யும்?"

"அப்ப எப்படி நிறுத்துறீங்க?"

"மெயினைத் தூக்கினா ஓடும். தாழ்த்தினா நிக்கும். அத்தரதான்."

"கரண்ட் போனப்ப மெஷின் ஓடிட்டு இருந்ததா?"

"கடைசிப் பலகை. பாதியில நின்னுச்சு. உருவி எடுத்து வெச்சாச்சு."

"மெயினைத் தாழ்த்தினீங்களா?"

வேலாயுதன் உண்மையிலேயே ஆச்சரியப்பட்டார். "கரண்டே இல்லை, பின்னே எதைத் தாழ்த்த?"

நம்பி சுவரைப் பார்த்தான். துர்க்கை படத்துக்கு நேர் மேலே மெயின் சுவிட்ச். கைப்பிடி மேலே இருந்தது. அதற்கும் ஒரு சந்தனப் பொட்டு.

"அண்ணாச்சி!" உச்சிமாகாளி துர்க்கை படத்தைச் சுற்றிய சீரியல் விளக்கை வீட்டு லைனில் செருகிவிட்டு வந்தான். முகமெல்லாம் சிரிப்பு. "லைன்மேன் ஹரிகுமார் அண்ணன்கிட்ட இப்பத்தான் போன் பண்ணிக் கேட்டேன். லைன்ல விழுந்த மரக்கொப்பை வெட்டி எடுத்துட்டாவளாம். ரெண்டு நிமிசத்துல வந்துருமாம். வந்ததும் ஜெகஜோதியா இருக்கும் பாருங்க."

நம்பி ரத்னாபாயின் விரலில் சுற்றியிருந்த சரத்தைப் பார்த்தான்.

"அத்தை, கையை எடுங்க!"

ரத்னாபாய் நிமிர்ந்து பார்த்தார். "இரு மக்கா, இந்த ஒரு சுத்து."

"இப்பவே எடுங்க! மாமா, மெயினை ஆஃப் பண்ணுங்க!"

திரவியம் கையில் கற்பூரத் தட்டோடு திரும்பினார். வெள்ளைச் சட்டை, வெள்ளை வேட்டி, நெற்றியில் நீளக் குங்குமம். "மாப்பிள்ளை, பூஜை நேரத்துல என்ன சத்தம்?"

"கரண்ட் வந்தா மெஷின் ஓடும். பொத்தான் அமுங்கிக் கெடக்கு. மெயினைத் தாழ்த்துங்க."

"பூஜை வெச்சாச்சு. நாளன்னைக்கு வரைக்கும் அந்தப் பெஞ்சுல கை வைக்கப்பிடாது. தெரியும்லா?" திரவியம் கற்பூரத்தைத் தட்டில் வைத்தார். "பேசாம நில்லுங்க. ஒண்ணும் ஆவாது."

ஒண்ணும் ஆவாது.

போன ஐப்பசித் துலா மழையில் தம்பானூர் முழுக்கத் தண்ணீர். பஸ் ஸ்டாண்டிலிருந்து ரயில்வே ஸ்டேஷன் வரை முழங்கால் ஆழத்தில் நடந்து வந்தாள் திவ்யா. புதுச் செருப்பு குதிகாலைக் கடித்திருந்தது. ஒரு வாரம் கழித்துக் காய்ச்சல். மூன்றாம் நாள் கெண்டைக்காலைத் தொட்டாலே அலறினாள். கண்ணில் மஞ்சள் இருக்கிறதே என்று நம்பிக்குத் தோன்றியது. இன்றே பெரிய ஆஸ்பத்திரிக்குப் போகலாம் என்றான். இதே வீட்டின் முன்னறையில், இதே குரலில், திரவியம் சொன்னார்: ஒண்ணும் ஆவாது மாப்பிள்ளை, மழைத் தண்ணிக் காய்ச்சல், சுக்குக் காப்பி குடுத்தா விட்டுரும், காலையில பாப்போம். நம்பி சரி என்றான். மாமனார் பேச்சைத் தட்டி என்ன சண்டை என்று. சரி என்று சொல்லிவிட்டு அவளுக்குக் காப்பி ஆற்றிக் கொடுத்தான். எலிக்காய்ச்சல் என்று மறுநாள் டாக்டர் சொன்னபோது சிறுநீரகம் நின்றிருந்தது.

நம்பி உள்ளே போனான்.

செருப்போடு போனான். சேற்றுச் செருப்பு கோலத்தை இழுத்துக்கொண்டு போனது. உச்சிமாகாளி குறுக்கே வந்து இடுப்பைப் பிடித்தான். "அண்ணாச்சி, வேண்டாம், சாமிக் குத்தமாயிரும்." நம்பி அவன் மார்பில் கை வைத்துத் தள்ளினான். பெஞ்சின் மேல் முழங்காலை ஊன்றினான். உளிகள் கலகலவென்று தரையில் கொட்டின. குத்துவிளக்கு சரிந்து அணைந்தது, எண்ணெய் அவன் பேண்ட்டில் வழிந்தது. கைப்பிடி இறுக்கமாக இருந்தது. இரண்டு கையாலும் தொங்கி இழுத்தான். டக்கென்று கீழே வந்தது.

திரவியம் அவன் சட்டைக் காலரைப் பிடித்து பெஞ்சிலிருந்து இறக்கினார்.

"என்னலே பண்ணிட்டே? என்ன காரியம் பண்ணிட்டே?" மாப்பிள்ளை போய்விட்டது, மரியாதையும் போய்விட்டது. "ஆண்டு கழியாதவன் செருப்புக் காலோட ஆயுதத்து மேல ஏறுதியா? எம் மொவ போனதுல உனக்கு மண்டை கலங்கிப் போச்சுன்னு ஊரு சொல்லிச்சு. நான்தான் இல்லைன்னேன்."

"காலரை விடுங்க."

"விடலைன்னா?"

அப்போது கரண்ட் வந்தது.

வீட்டு லைனில் இருந்த டியூப் லைட் இரண்டு துடிப்பு துடித்து எரிந்தது. துர்க்கை படத்தைச் சுற்றிச் சீரியல் விளக்குகள் சிவப்பும் பச்சையுமாக ஓட ஆரம்பித்தன. பக்கத்து வீட்டில் டிவி பேசியது. எல்லோரும் மெஷினைப் பார்த்தார்கள். அது பூவைச் சுற்றிக்கொண்டு அப்படியே நின்றது.

"கண்டோ, சாரே?" என்றார் வேலாயுதன் மெதுவாக. "ஒண்ணும் ஆயில்ல."

திரவியம் காலரை விட்டார். வெற்றி பெற்றவர்போல ஒரு மூச்சு விட்டார். "பாத்தேல்லா? ஒண்ணும் ஆவல்ல. இதுக்கா இந்த ஆட்டம் ஆடினே?"

நம்பி அவர் முகத்தையே பார்த்தான். ஆஃப் செய்ததால் ஓடவில்லை என்பது அந்த முகத்துக்கு எட்டவே இல்லை. இனி எந்தக் காலத்திலும் எட்டாது. ஒன்றும் ஆகாதவரை அவர் சொன்னது சரி. ஆகிவிட்டால் விதி. அந்த வீட்டின் முன்னறையில் மாலை போட்ட போட்டோவைப் பார்த்து அவர் அப்படித்தான் சொல்லிக்கொண்டிருக்கிறார். என்ன செய்ய, அவ விதி.

பதினோரு மாதமாக உள்ளே ஒன்றுமே இல்லை என்று நம்பி நினைத்திருந்தான். இருந்தது.

"எல்லாரும் வாசலுக்குப் போங்க."

"என்ன?"

"வாசலுக்குப் போங்கன்னேன்! வேலாயுதன் அண்ணே, போங்க. உச்சி, போடா. எவனும் மெஷின் பக்கத்துல நிக்கப்பிடாது." அவனே போய் ரத்னாபாயின் விரலில் சுற்றியிருந்த சரத்தைப் பல்லால் கடித்து அறுத்தான். தோளைப் பிடித்து வாசல்வரை நடத்திக்கொண்டு போய் நிறுத்தினான். திரவியம் நகரவில்லை.

"மாமா, ரெண்டே எட்டு. சுவரோரமா தள்ளி நில்லுங்க. நில்லுங்க மாமா, உங்க காலைப் பிடிச்சுக் கேக்கேன்." குரலில் கெஞ்சல் இல்லை. திரவியம் இரண்டு எட்டு வைத்தார்.

நம்பி பெஞ்சில் ஏறிக் கைப்பிடியைத் தூக்கினான்.

யாரும் தொடாத மெஷின் உறுமிக்கொண்டு எழுந்தது. முதல் சுற்றிலேயே பூச்சரம் பிய்ந்தது. அடுத்த நொடியில் சரமே இல்லை; வெள்ளைத் தூள் கூரைவரை போய்ப் பட்டறை முழுக்கப் பிச்சி வாசம். ஓர் எலுமிச்சம்பழம் உருண்டு பல்லில் மாட்டி, தகரச் சுவரில் கல்லெறிந்ததுபோல அறைந்தது. குங்குமச் சிமிழ் மேஜையில் நடுங்கி நடுங்கி ஓரத்துக்கு வந்து விழுந்தது. நனைந்த சந்தனம் ரம்பத்திலிருந்து சிதறித் திரவியத்தின் வெள்ளைச் சட்டையில் கோடு போட்டது.

நம்பி உடனே நிறுத்தவில்லை. காட்டியாகிவிட்டது, போதும் என்று தெரிந்தது. ஆனாலும் ஓடட்டும் என்று விட்டான். வெறும் காற்றை அறுத்துக்கொண்டு அது கத்தியது. வேலாயுதன் காதைப் பொத்திக்கொண்டார். திரவியம், "போதும்லே, போதும்" என்று வாயசைத்தார். அப்புறம்தான் கைப்பிடியை இழுத்தான். ரம்பம் ஓய்ந்து நிற்க வெகுநேரம் பிடித்தது.

அவன் மெயின் சுவிட்சின் மூடியைத் திறந்தான். டெஸ்டரைத் தரையில் கொட்டிய ஆயுதங்களிலிருந்து பொறுக்கி எடுத்தான், சந்தனப் பொட்டைத் துடைத்தான், உள்ளே வைத்துப் பார்த்தான். பிறகு பீங்கான் பியூஸ் கட்டைகள் மூன்றையும் பிடுங்கிப் பாக்கெட்டில் போட்டுக்கொண்டான். இறங்கி வந்து ஸ்டார்ட்டர் முன் உட்கார்ந்து ஆப்பைத் தட்டி எடுத்தான்.

"இதை யாரு செஞ்சது?"

வேலாயுதன் தரையைப் பார்த்தார். உச்சிமாகாளி திரவியத்தைப் பார்த்துவிட்டுச் சட்டென்று முகத்தைத் திருப்பிக்கொண்டான். கேட்டிருக்கவே வேண்டாம். எந்த மரத்தைச் செய்தாலும் நான்கு விளிம்பிலும் ஒரு நூல் கனத்துக்குச் சரித்து இழைப்பது திரவியத்தின் பழக்கம். நம்பியின் கல்யாணக் கட்டிலில் அந்தச் சரிவு உண்டு. அதை அவன் இப்போதும் தினமும் விரலால் தடவிப் பார்க்கிறான்.

ஆப்பை மாமனாரின் கையில் வைத்தான்.

"நல்ல வேலை, மாமா."

திரவியம் ஆப்பை உள்ளங்கையில் புரட்டினார். "வோல்டேஜ் இல்லாம நான் எப்படிப்பா வேலை செய்ய? ஆர்டர் நிக்குது, அவனுவ கேக்கானுவ..."

"வோல்டேஜ் இல்லைன்னா கரண்ட் செக்‌ஷன் ஆபீஸ்ல எழுதிக் குடுக்கணும். வாரா வாரம் போய் உக்காரணும். ஆப்பு செதுக்கப்பிடாது."

"விஜயதசமிக்குத் தொழில் தொடங்கணும். அந்தப் பியூஸ் கட்டையைத் தந்துட்டுப் போ."

"கைவாள் கெடக்கு, அறுங்க."

"இது எம் பட்டறைலே!"

"ஆமா. அவளும் உங்க மொவதான்." சொல்லிவிட்டான். திரவியம் அடி வாங்கியவர்போல பெஞ்சில் உட்கார்ந்தார். நம்பிக்கு இரக்கம் வரவில்லை. வருமா என்று ஒரு கணம் நின்று பார்த்தான். வரவில்லை. வெளியே வந்தான்.

சந்தில் தேங்கிய தண்ணீரைத் தாண்டிப் பைக்கின் அருகே போனபோது பின்னால் காலடி கேட்டது. ரத்னாபாய். ஆள்காட்டி விரலில் இன்னும் அந்த இரண்டு சுற்றுச் சரம் இருந்தது. நார் இறுகிச் சதை சிவந்திருந்தது. அதை அவிழ்க்காமல் பார்த்துக்கொண்டே வந்தார்.

"அன்னைக்கும் இப்படிக் கத்தியிருக்கலாம்லா, மக்கா."

பைக் சாவி நம்பியின் கையிலேயே நின்றது. அவர் குற்றம் சாட்டவில்லை. விலை கேட்பதுபோலச் சாதாரணமாகத்தான் கேட்டார். அதனால்தான் பதில் சொல்ல வேண்டியிருந்தது.

"ஆமா அத்தை."

"நானும் அங்கதான் நின்னேன். நானும் கத்தல்ல."

பக்கத்து வீட்டு டிவியில் யாரோ சிரித்தார்கள். ரத்னாபாய் நாரை அவிழ்த்தார். பூவைக் கீழே போடவில்லை, உள்ளங்கையில் மூடிக்கொண்டார். மறு கையை நீட்டினார்.

"அந்தக் கட்டையை எங்கிட்ட தா."

"அத்தை, அவரு கேட்டா..."

"ஒங்கிட்ட இருந்தா நாளைக்குக் காலம்பற அந்த வேலாயுதனை அனுப்பி, நயமாப் பேசி வாங்கிருவாவ. நீயும் சரின்னு குடுத்துருவே. எங்கிட்ட கேக்கட்டும்." கை நீட்டியபடியே இருந்தது. "அரிசிப் பானையில போட்டு வைக்கேன். நீ வந்து எல்லாம் சரியா இருக்குன்னு சொன்னப் பொறவுதான் எடுப்பேன். அதுவரைக்கும் அவிய வந்து எம் முகத்தைப் பாத்துக் கேக்கட்டும்."

நம்பி மூன்று கட்டைகளையும் எடுத்துக் கொடுத்தான். அவர் முந்தானையில் முடிந்து இடுப்பில் செருகிக்கொண்டார். கனத்தில் சேலை ஒரு பக்கம் இறங்கியது. ஒரு தடவை இழுத்து விட்டுக்கொண்டார்.

பட்டறைக்குள் திரவியம் யாரையோ திட்டத் தொடங்கியிருந்தார். உளிகளைப் பொறுக்கி அடுக்கும் சத்தமும் கேட்டது.

ரத்னாபாய் இரண்டடி போய்விட்டுத் திரும்பினார்.

"குழிக்கு இன்னைக்குத் தண்ணி ஊத்தணுமா? மழை பெஞ்சிருக்கே."

"வேண்டாம் அத்தை," என்றான் நம்பி. "இன்னைக்கு வேண்டாம்."